மச்சை நாராக்க நோயும் ஆயுட் கணிப்பும்

நோயொன்றின் பெயரை அறிதல் வேறு. அந்நோய் எவ்வழிச் சென்று எப்பொழுது முடியும் என முன்னறிதல் வேறு. முன்னதற்கு வைத்தியரின் கண்ணும் கருவியும் போதும். பின்னதற்கோ காலம் வேண்டும். அந்நோயுற்ற பலருடைய வாழ்வும் சாவும் பொறிக்கப்பட்ட ஏடும் வேண்டும். கிரேக்க வைத்தியர் இப்போகிறாத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் முன்னறிதலுக்கென்றே தனிநூல் ஒன்று உண்டு. ஆயுள்வேதத்தார் நோய்களைச் சாத்தியம், கட்டசாத்தியம், அசாத்தியம் என வகுத்தனர். சித்தவைத்திய ஏடுகள் மரணக்குறிகளைத் தொகுத்துரைத்தன. இப்போகிறாத்தீசின் நூல் பெரிதும் நாட்கணக்கில் முடியும் கடுநோய்களையே நோக்கிற்று. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நடந்து செல்லும் நாட்பட்ட நோயிலோ முன்னறிதல் மிக அரிது. அத்தகைய நோயொன்றில் அவ்வரிய பணி எங்ஙனம் நிகழ்ந்துவருகின்றது என்பதைக் காட்டுதற்கு என்புமச்சை நாராக்கம் ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

குருதிக் கலங்கள் யாவும் என்பின் உட்புழையிலுள்ள மச்சையிலே பிறக்கின்றன. மச்சை நாராக்க நோயில், குருதிக் கலங்களை ஈனும் முதற்கலம் ஒன்றிலே மாற்றம் விளைந்து, அக்கலத்தின் வழித்தோன்றல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. அவற்றுள்ளும் குருதிச் சிறுதட்டுக்களை ஆக்கும் பெருங்கலங்கள் சில பொருள்களைச் சுரந்து, அயலிலுள்ள நார்க்கலங்களைத் தூண்டுகின்றன. நார்க்கலங்கள் நோயுற்றவை அல்ல. தூண்டப்பட்டமையால் நாரைப் பின்னுகின்றன, அவ்வளவே. ஆயினும் நாளடைவில் மச்சை முழுவதும் நார்மண்டிக் குருதியை ஆக்கும் இடம் சுருங்குகின்றது. ஊசியிட்டு மச்சையை உறிஞ்ச முயலும் வைத்தியர் பலமுறை ஒன்றும் பெறாது வெறுங்குழாயையே காண்பர். இடுப்பென்பிலிருந்து சிறு துண்டொன்றைக் குடைந்தெடுத்தே நோயைத் துணிதல் வேண்டும். மச்சையிலே இடமிழந்த குருதியாக்கம் மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் குடிபெயர்கின்றது. அதனால் மண்ணீரல் பருத்து, சிலரிடத்துத் தொப்புளையும் கடந்து இறங்கும். குருதிச்சோகை, மெலிவு, இராக்கால வியர்வை, காய்ச்சல் என்பன தொடரும். சிலரிடத்து இறுதியில் நோய் கடுமையான குருதிப் புற்றுநோயாக மாறிவிடுவதும் உண்டு.

இதனை 1879ஆம் ஆண்டில் முதன்முதல் விவரித்தவர் குஸ்தாவ் ஹொயிக் என்னும் யேர்மனிய வைத்தியர். அவர் கண்ட நோயாளர் இருவரே. 1951ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியரான வில்லியம் டமெஷெக், தனித்தனி நோய்களாகக் கருதப்பட்ட சிலவற்றை ஒரே குடும்பத்தின் உறுப்புக்களாகக் கொள்ளலாம் என்று ஒரு சிறு கட்டுரையில் எழுதியபோது, இந்நோயையும் அக்குடும்பத்திற் சேர்த்தார். அவர் ஊகமென்று கூறியது ஐம்பத்துநான்கு ஆண்டுகளின் பின் மெய்யென நிறுவப்பட்டது. அது பின்னர்க் கூறப்படும்.

இந்நோயாளர் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர். அவருள் ஒருவர் ஓராண்டிற்குள் இறக்க, மற்றொருவர் இருபதாண்டு வாழ்தலும் கூடும். இருவர்க்கும் நோயின் பெயர் ஒன்றே. எனவே பெயரை மாத்திரம் கூறி அமைதல் வைத்தியர்க்கும் நோயாளர்க்கும் பயன்படாது. இதிற் பெரிதும் தங்கியிருப்பது ஒரு தீர்மானம். இந்நோயை வேரோடு நீக்கவல்லதென அறியப்பட்ட சிகிச்சை ஒன்றே உளது. அது பிறர் ஒருவரின் குருதி முதற்கலங்களைப் பெற்று நோயாளரின் மச்சையில் நிறுவுதல். அச்சிகிச்சையே உயிரைப் பறித்தலும் உண்டு. நன்னிலையில் உள்ளவரை அதற்கு உட்படுத்தினால் அவர் வாழக்கூடிய ஆண்டுகளை வைத்தியமே கவர்ந்துகொள்ளும். தாழ்நிலையில் உள்ளவர்க்கு அதனை மறுத்தாலோ நோய் அவரைக் கவர்ந்துகொள்ளும். இங்கே எண்ணிக் கணிப்பது வீண் ஆர்வத்தின் பொருட்டன்று.

அனுபவமிக்க வைத்தியரின் உள்ளுணர்வே போதாதோ எனின், போதாது என்பதற்குச் சான்று உண்டு. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் கிறிஸ்ராக்கிஸ், லமொன்ற் என்போர் வெளியிட்ட ஆராய்ச்சியில், இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்ட 468 நோயாளர் எத்துணைக் காலம் வாழ்வர் என 343 வைத்தியர் மதிப்பிட்டனர். மதிப்பீடுகளுள் நூற்றுக்கு 20 மாத்திரமே உண்மைக்கு அண்மையாயின. நூற்றுக்கு 63 உண்மையைவிட நீண்டனவாகவும், நூற்றுக்கு 17 குறுகினவாகவும் இருந்தன. நோயாளரோடு நெடுநாட் பழகிய வைத்தியரே கூடுதலாகத் தவறினர் என்பது அவ்வாராய்ச்சியின் வியக்கத்தக்க முடிவு. நெடுநாள் அறிந்தவர் மரிப்பார் என்று கருதுதற்கு மனம் ஒருப்படாமை அதற்குக் காரணமாகலாம். அன்பு நல்ல மருந்தாயினும் நல்ல அளவுகோலாகாது.

எண்ணிக் கணிப்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆராய்ச்சி முடியும் நாளிலே நோயாளருட் பலர் உயிரோடிருப்பர். சிலர் ஊர்மாறிச் சென்றிருப்பர். அவருடைய ஆயுளின் முடிவு அறியப்படாதது. அவரை என் செய்வது? இவ்வினாவுக்கு 1958ஆம் ஆண்டில் எட்வேட் கப்லன், போல் மையர் என்னும் இரு கணிதவியலார் விடையளித்தனர். இருவரும் தனித்தனியே ஒரே முறையைக் கண்டு, அமெரிக்கப் புள்ளிவிபரவியற் கழகத்தின் சஞ்சிகைக்குத் தனித்தனியே கட்டுரை அனுப்ப, பத்திராதிபர் இருவரையும் கூடி எழுதச் செய்தார் என்பது வரலாறு.

அம்முறையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பத்து நோயாளர் உளர் எனக் கொள்க. முதலாண்டில் ஒருவர் இறக்கிறார், எஞ்சியோர் ஒன்பதின்மர். இரண்டாம் ஆண்டில் இருவர் உயிரோடு கண்காணிப்பை விட்டு நீங்குகின்றனர், எஞ்சியோர் எழுவர். மூன்றாம் ஆண்டில் அவருள் ஒருவர் இறக்கிறார், எஞ்சியோர் அறுவர். நான்காம் ஆண்டில் மூவர் நீங்குகின்றனர், எஞ்சியோர் மூவர். ஐந்தாம் ஆண்டில் அவருள் ஒருவர் இறக்கிறார். நீங்கிய ஐவரையும் உயிரோடுள்ளவராகவே கணக்கிட்டால் ஐந்தாண்டு வாழ்வோர் நூற்றுக்கு 70 எனப்படும். அவர்களை முற்றாகத் தள்ளிவிட்டால் எஞ்சிய ஐவருள் இருவரே வாழ்ந்தமையின் நூற்றுக்கு 40 எனப்படும். முன்னது பொய்ந்நம்பிக்கை, பின்னது பொய்யச்சம். கப்லன், மையர் முறையில் ஒவ்வொரு மரணத்தின்போதும் அந்நேரத்தில் கண்காணிப்பில் இருந்தோர் மாத்திரமே கணக்கிற் கொள்ளப்படுவர். எனவே பத்தில் ஒன்பது, ஏழில் ஆறு, மூன்றில் இரண்டு என்னும் பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்க, ஏறக்குறைய நூற்றுக்கு 51 எனக் கிடைக்கின்றது. நீங்கினோர் தாம் இருந்த காலம்வரை தம் சான்றை அளித்துச் சென்றனர்; அச்சான்று வீணாகவில்லை. இன்று எந்த வைத்திய சஞ்சிகையை விரித்தாலும் படிக்கட்டுப்போல் இறங்கிச் செல்லும் ஒரு கோட்டைக் காணலாம். அது இக்கணக்கின் வடிவமே. 1972ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான டேவிட் கொக்ஸ், வயது, குருதியளவு முதலிய பல காரணிகளுள் ஒவ்வொன்றும் மரணத்தின் வேகத்தை எத்துணை மாற்றுகின்றது எனப் பிரித்தறியும் முறையைக் கண்டார். இவ்விரு கருவிகளும் கையில் வந்தபின்னரே ஆயுட் கணிப்புத் திட்டங்கள் பெருகின.

மச்சை நாராக்கத்திற்கென 1996ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லீல் நகரத்தார் வகுத்த திட்டம் மிக எளிது. 195 நோயாளரை ஆராய்ந்த அவர்கள் இரண்டே காரணிகளைக் கொண்டனர். 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 10 கிராமிற் குறைதல் ஒன்று. ஒரு கனமில்லிமீற்றரில் வெண்குழியங்கள் 4,000இற் குறைதல் அல்லது 30,000ஐ மிஞ்சுதல் மற்றொன்று. இரண்டும் இல்லாதவரின் இடைய ஆயுள் 93 மாதம். ஒன்றுடையவர்க்கு 26 மாதம். இரண்டும் உடையவர்க்கு 13 மாதம். மண்ணீரலின் பருமனோ நாரின் அடர்த்தியோ இதில் இடம்பெறவில்லை. கண்ணுக்கு முனைப்பாய்த் தோன்றும் குறி எப்பொழுதும் காலத்தை அளக்கும் குறியாகாது என்பது இதனாற் பெறப்படும்.

2009ஆம் ஆண்டில் பாசலோனா நகரத்து வைத்தியரான சேர்வந்தேசைத் தலைமையாகக் கொண்ட பன்னாட்டுக் குழுவினர், ஏழு நிலையங்களிலிருந்து 1,054 நோயாளரின் பதிவுகளைத் திரட்டிச் சர்வதேச முன்கணிப்புத் திட்டத்தை வெளியிட்டனர். அதில் ஐந்து காரணிகள் உள: வயது 65ஐக் கடத்தல், மெலிவு, காய்ச்சல், வியர்வை என்பவற்றுள் ஒன்றேனும் இருத்தல், ஈமோகுளோபின் 10 கிராமிற் குறைதல், வெண்குழியம் 25,000ஐ மிஞ்சுதல், சுற்றோட்டக் குருதியில் முதிராக் கலங்கள் நூற்றுக்கு ஒன்றேனும் காணப்படல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளியே இல்லாதவரின் இடைய ஆயுள் 135 மாதம். ஒரு புள்ளியினர்க்கு 95. இரு புள்ளியினர்க்கு 48. மூன்றும் அதற்கு மேலும் பெற்றவர்க்கு 27. இவற்றுள் வயது நோயின் குறியன்று என்பது கருதத்தக்கது. முதியவர் நோயினாலன்றி முதுமையாலும் பிற பிணியாலும் இறப்பர்; திட்டமோ இறப்பை மாத்திரம் எண்ணுகின்றது, இறப்பின் காரணத்தை எண்ணுவதில்லை.

இத்திட்டத்தில் ஒரு குறை இருந்தது. அது நோய் துணியப்பட்ட நாளில் மாத்திரமே பொருந்தும். நான்காண்டு கழித்து வரும் நோயாளரை அதனால் அளக்க இயலாது. எனவே 2010ஆம் ஆண்டில் இத்தாலியரான பசமொன்றியும் துணைவரும் 525 நோயாளரைத் தொடர்ந்து கண்காணித்து, அதே ஐந்து காரணிகளை எந்நாளிலும் வைத்தளக்கத்தக்க இயங்குநிலைத் திட்டத்தை அமைத்தனர். இதில் ஈமோகுளோபின் குறைவுக்கு மாத்திரம் இரண்டு புள்ளி, ஏனையவற்றுக்கு ஒவ்வொன்று. புள்ளி இல்லாதவருள் அரைப்பங்கினர் ஆராய்ச்சி முடிந்த நாளிலும் இறக்கவில்லை. ஒன்று அல்லது இரண்டு புள்ளியினரின் இடைய ஆயுள் 14.2 ஆண்டு, மூன்று அல்லது நான்கு பெற்றவர்க்கு 4 ஆண்டு, ஐந்தும் ஆறும் பெற்றவர்க்கு ஒன்றரை ஆண்டு.

63 வயதினர் ஒருவர்க்கு ஈமோகுளோபின் 9.4 கிராம் எனவும் வேறு குறியொன்றும் இல்லை எனவும் கொள்க. சர்வதேசத் திட்டத்தில் அவர்க்கு ஒரு புள்ளி. இடைய ஆயுள் 95 மாதம், அஃதாவது எட்டாண்டிற்குச் சிறிது குறைவு. இயங்குநிலைத் திட்டத்தில் இரண்டு புள்ளி. இடைய ஆயுள் 14 ஆண்டிற்கு மேல். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே குருதித்துளி, விடையோ இரண்டு! இவற்றுள் எது மெய், எது பொய் என வினவுதல் பொருந்தாது. முன்னது நோய் துணியப்பட்ட நாளில் ஒருவரை ஒரு குழுவிலிட்டு, பின்னர் அவர்க்கு எது நேரினும் அக்குழுவிலேயே வைத்தெண்ணுகின்றது. பின்னதிலோ நிலைமை தாழ்ந்தவர் அக்குழுவை விட்டு அடுத்த குழுவிற் புகுவர். ஆதலால் முதற்குழுவின் எண் அந்நிலையிலேயே தொடர்ந்து நிற்பவரைப் பற்றியதாகும். மேற்கூறியவர் 66 வயதை அடைந்து, இராக்கால வியர்வையும் தொடங்கினால், அவர்க்கு நான்கு புள்ளியாகி இடைய ஆயுள் 4 ஆண்டாகிவிடும். அந்நாள்வரை அவரை 14 ஆண்டுக்கு உரியவர் என்றது வாக்குறுதியன்று. "இவ்வாறே இருப்பின்" என்னும் நிபந்தனையை உள்ளடக்கிய கூற்றாகும். நிபந்தனையை விட்டு எண்ணை மாத்திரம் கொண்டு வீடு திரும்பும் நோயாளர் ஏமாற்றப்பட்டவரே. இவ்விரண்டனுள் எதனைக் கூறுகின்றோம் என்பதையேனும் தெரிந்து கூறும் கடமை வைத்தியர்க்கு உண்டு.

இடையம் என்னும் சொல்லும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது. இடைய ஆயுள் 48 மாதம் என்றால் 48ஆம் மாதத்தில் மரணம் என்பது பொருளன்று; அக்குழுவினருள் அரைப்பங்கினர் அதற்கு முன்னும் அரைப்பங்கினர் அதற்குப் பின்னும் இறந்தனர் என்பதே பொருள். முன்னிறந்தோர் யாவரும் 48 மாதங்களுக்குள் அடங்குவர்; பின்னிறப்போர்க்கோ அத்தகைய எல்லை இல்லை. அமெரிக்க உயிரியலாளரான ஸ்ரீபன் ஜே கூல்ட் என்பார் 1982ஆம் ஆண்டில் வயிற்றறைச் சவ்விற் கொடிய புற்றுநோய் உடையவராகக் காணப்பட்டார். அது மச்சை நோயன்று. எனினும் அவர் நூலகத்திற் கண்ட எண் இடைய ஆயுள் எட்டு மாதம் என்பதே. புள்ளிவிபரம் அறிந்தவராதலின், அவ்வெண்ணுக்கு வலப்புறத்தே நெடிது நீளும் வாலை நோக்கித் தாம் அதில் இருத்தற்குரிய காரணங்களை ஆராய்ந்தார். அதுபற்றி 1985ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையும் எழுதினார். அவர் இறந்தது 2002ஆம் ஆண்டில். அதுவும் வேறொரு நோயினால். சோதிடர் கணிக்கும் சாதகம் ஒருவர்க்கே உரியது எனப்படும். வைத்தியரின் கணிப்போ ஒரு கூட்டத்திற்கு உரியது. கூட்டத்தின் எண்ணைச் சாதகம்போற் கொள்வதாலேயே பல துன்பங்கள் விளைகின்றன.

டமெஷெக்கின் ஊகம் 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவ்வாண்டில் நான்கு ஆராய்ச்சிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஜாக்-2 என்னும் பரம்பரையலகில் ஒரு விகாரத்தைக் கண்டன. அவ்வலகு ஆக்கும் புரதத்தின் 617ஆம் இடத்தில் வலீன் என்னும் அமினோவமிலத்திற்குப் பதிலாகப் பினைலலனீன் வந்தமைகின்றது. அதனால், பெருகுக என்னும் கட்டளை வெளியிலிருந்து வாராமலே கலம் பெருகுகின்றது. மச்சை நாராக்க நோயாளருள் அரைப்பங்கிற்கு மேற்பட்டோரிடத்து இவ்விகாரம் உண்டு. 2013ஆம் ஆண்டில் கல்ரெற்றிக்குலின் என்னும் வேறொரு பரம்பரையலகின் விகாரம் எஞ்சியோர் பலரிடத்துக் காணப்பட்டது. அதன் முதல்வகையை உடையவர் பொதுவாக நெடுங்காலம் வாழ்கின்றனர். மாறாக, ஏ.எஸ்.எக்ஸ்.எல்-1 முதலிய வேறு சில அலகுகளின் விகாரங்கள் தீய போக்கைக் காட்டுகின்றன. இவற்றையும் நிறமூர்த்தங்களின் நிலையையும் கணக்கிற் சேர்த்துப் புதிய திட்டங்கள் 2011, 2018 ஆகிய ஆண்டுகளில் எழுந்தன. 2018ஆம் ஆண்டுத் திட்டங்களுள் ஒன்று எழுபது வயதிற்கு உட்பட்டவர்க்கே, அஃதாவது முதற்கல மாற்றத்திற்கு உரியவர்க்கே, வகுக்கப்பட்டது. அதில் வயதுக்குப் புள்ளி இல்லை. முதுமை நீங்கி நோயே அளக்கப்படுதல் இத்திட்டத்தின் சிறப்பு. ஆயினும் பரம்பரையலகுகளைப் பரிசோதிக்கும் வசதி எல்லா நாட்டு வைத்தியசாலைகளிலும் இல்லை. குருதித்துளியும் நுணுக்குக்காட்டியும் மாத்திரம் உடைய வைத்தியர்க்கு 2010ஆம் ஆண்டுத் திட்டம் இன்றும் உதவுகின்றது.

கணிப்பின் நோக்கமாகிய அத்தீர்மானத்திற்கு ஓரளவு விடை 2015ஆம் ஆண்டில் வந்தது. முதற்கல மாற்றம் பெற்றவரும் பெறாதவருமாகிய 65 வயதிற்குட்பட்ட 438 நோயாளரை யேர்மனியரான குறோகரும் துணைவரும் ஒப்பிட்டனர். இயங்குநிலைத் திட்டத்தின் மேலிரு ஆபத்துப் பிரிவினர் அம்மாற்றத்தாற் பயனடைந்தனர். ஆபத்துக் குறைந்த முதற்பிரிவினர் அதனைப் பெறாதபோதே கூடுதலாக வாழ்ந்தனர். இடைப்பட்ட பிரிவினர்க்குத் தெளிந்த விடை கிட்டவில்லை.

திட்டங்களும் மூப்படைகின்றன. இதற்குச் சிறந்த சான்று மச்சை நாராக்கத்தின் உறவாகிய நாட்பட்ட மச்சைவழிக் குருதிப் புற்றுநோய். அதற்கென 1984ஆம் ஆண்டில் சோக்கால் என்பவரும் துணைவரும் 813 நோயாளரைக் கொண்டு ஒரு கணிப்பு வாய்பாட்டை அமைத்தனர். வயது, மண்ணீரல், சிறுதட்டு, முதிராக் கலம் என்னும் நான்கே அதன் காரணிகள். 2001ஆம் ஆண்டில் இமற்றினிப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபின் அந்நோயின் இயல்பே மாறிற்று. நோயாளருட் பெரும்பாலோர் பிற மனிதரைப்போலவே முதுமை எய்தி, வேறு காரணங்களால் இறக்கலாயினர். எனவே 2016ஆம் ஆண்டில் அதே நான்கு காரணிகளைக் கொண்டு, எடைகளை மாற்றி, அந்நோயால் நேரும் மரணத்தை மாத்திரம் கணிக்கும் புதிய வாய்பாடு வகுக்கப்பட்டது. பழைய வாய்பாடு பிழையன்று. அது அளந்த உலகம் மறைந்துவிட்டது.

மச்சை நாராக்கத்தில் அத்துணைப் பெரும் மாற்றம் நிகழவில்லை. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட றுக்சோலிற்றினிப் என்னும் மருந்து ஜாக் வகைப் புரதங்களை அடக்கி, மண்ணீரலைச் சுருக்கி, வியர்வையும் மெலிவும் நீங்கச் செய்கின்றது. ஆனால் விகாரமுற்ற கலங்களை வேரறுப்பதில்லை. அது ஆயுளையும் நீட்டுகின்றது என்று ஆராய்ச்சிகளின் தொகுப்புக் காட்டினும், ஒப்பீட்டிற்காக மருந்தின்றி வைக்கப்பட்டோரும் பின்னர் அம்மருந்தையே பெற்றமையால், நீட்சி எத்துணை என்பதிற் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. கணிப்புக்கும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. மருந்தால் வியர்வை நின்றவர்க்கு ஒரு புள்ளி குறைகின்றது. நோய் குறைந்ததோ, குறி மாத்திரம் மறைந்ததோ என்பது புள்ளியில் தெரிவதில்லை. அன்றியும் அம்மருந்தே தொடக்கத்தில் ஈமோகுளோபினைக் குறைப்பதுண்டு. அப்போது நோய் முற்றாமலே புள்ளி இரண்டு ஏறுகின்றது. இதனால் 2022ஆம் ஆண்டில், மருந்து தொடங்கி ஆறு மாதம் கழிந்தபின் மூன்றை மாத்திரம் நோக்கும் ஒரு கணிப்பு முறை வெளியாயிற்று: மருந்தின் அளவு போதியதாக இருந்ததா, மண்ணீரல் வேண்டிய அளவு சுருங்கிற்றா, பிறர் குருதியை ஏற்றவேண்டியிருந்ததா என்பனவே அம்மூன்று. ஆறாம் மாதத்திலேயே இவற்றால் தாழ்நிலையினர் எனக் காணப்படுவோரை முதற்கல மாற்றத்திற்கோ வேறு மருந்திற்கோ காலந்தாழ்த்தாது அனுப்புதல் அதன் நோக்கம்.